வாசகர் கேள்வி – பதில்: தீவுகளின் சேமநிதியும் வீட்டுக் குடிநீரும்

போன இதழில் பசிபிக் தீவுகளின் அரசுச் சேமநிதி (நாட்டு வருமானத்தில் ஒரு பகுதியை எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் நிதி) பற்றி ஒரு குறிப்பும், குடிநீர்ச் சுத்திகரிப்பு பற்றி இன்னொரு குறிப்பும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. இரண்டையும் படித்துவிட்டு மதுரை வட்டாரத்திலிருந்து பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

வரைபடத்தில் புள்ளி அளவுகூட இல்லாத தீவு நாடுகளுக்குச் சேமநிதி வைக்கும் அளவுக்குப் பணம் ஏது?
– கல்லூரி மாணவி, மேலூர்

சிலவற்றுக்குக் கனிமம், சிலவற்றுக்கு மீன், சிலவற்றுக்கு வெளிநாடுகள் ஒருமுறை கொடுத்த தொகை.

கிரிபாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பனாபா என்ற தீவில் பாஸ்பேட் பாறை இருந்தது. உரம் தயாரிக்க அதை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். அந்த வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பிரிட்டிஷ் ஆட்சி நடந்த 1956-இலேயே ஒரு நிதியைத் தொடங்கினார்கள். 1979-இல் பாஸ்பேட் தீர்ந்தது. அதே ஆண்டில்தான் நாடு விடுதலையும் பெற்றது. சுரங்கம் போனாலும் நிதி நின்றது, இன்றும் நிற்கிறது.

இப்போது அவர்களுடைய பெரிய வருமானம் சூரை மீன். நிலம் துளி என்றாலும் சுற்றியுள்ள கடல் உரிமைப் பரப்பு மிகப் பெரியது. நவூரு ஒப்பந்த நாடுகள் எனப்படும் எட்டு நாடுகள் சேர்ந்து, மீன்பிடி உரிமையை நாள் கணக்கில் விற்கின்றன. ஒரு வெளிநாட்டுக் கப்பல் ஒரு நாள் வலை போட, 2015 முதல் அடிப்படை விலை 8,000 அமெரிக்க டாலர். ஆனால் சூரை ஓரிடத்தில் நிற்கிற மீன் அல்ல. எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறும் ஆண்டு) கிழக்கே கிரிபாட்டி பக்கம் வரும். லா நினா ஆண்டில் (அதே கடல் குளிரும் ஆண்டு) மேற்கே போய்விடும். லா நினா ஆண்டில்தான் கிரிபாட்டியிலும் துவாலுவிலும் மழையும் பொய்க்கும். வருமானமும் தண்ணீரும் சேர்ந்தே குறையும் ஆண்டுகள் இவை. இவற்றைத் தாண்டத்தான் நிதி.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. கிரிபாட்டி, துவாலு, நவூரு மூன்றும் ஆஸ்திரேலிய டாலரையே புழங்குகின்றன. சொந்த நாணயம் இல்லாததால் நெருக்கடியில் நோட்டு அச்சடிக்க முடியாது. அரிசியும் டீசலும் கப்பலில்தான் வரவேண்டும். அதனால் நிதியை உள்ளூரில் போடாமல் வெளிநாட்டுப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டு வைக்கிறார்கள். சின்ன ஊரில் அவ்வளவு பணத்தையும் இறக்கினால் விலைவாசிதான் ஏறும்.

நவூருவும் பாஸ்பேட் விற்ற நாடுதானே? அது மட்டும் ஏன் திவாலானது?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருநகர்

21 சதுர கிலோமீட்டர் தீவு அது. 1968-இல் விடுதலை பெற்றபின், தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. பாஸ்பேட் உரிமைத் தொகைக்கென்று ஓர் அறக்கட்டளையும் வைத்திருந்தது. ஆக, நிதி இல்லாமல் கெடவில்லை. நிதிக்கு வேலி இல்லாமல் கெட்டது.

பணத்தை எதில் போடலாம், ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அரசை மீறிய கட்டுப்பாடு கிடையாது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 1993-இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். அது சில வாரங்களில் படுத்துவிட்டது. பட்ஜெட்டில் விழுந்த துண்டுக்கு நிதியை அடமானம் வைத்துக் கடன் வாங்கியதுதான் கடைசி அடி. பாஸ்பேட் குறைந்ததும் வட்டி கட்ட வழியில்லை. 2004-இல் அந்த மெல்போர்ன் கட்டடமும் கடனுக்கு விற்கப்பட்டது. நிதியை ஈடாக வைத்துக் கடன் வாங்க அனுமதிக்கும் எந்தச் சட்டமும் சேமநிதிச் சட்டம் ஆகாது என்பது எங்கள் திடமான கருத்து.

2015-இல் நவூரு புதிதாக ஒரு தலைமுறை நிதியைத் தொடங்கியது. தொடக்கத்தில் இதில் ஆஸ்திரேலியா, தைவான், ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவையும் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் பணத்தை வெளியே எடுக்கவே முடியாதபடி விதி இருக்கிறது.

எங்கள் அடுக்குமாடியில் 48 வீடுகள். கார்பஸ் ஃபண்ட் (சங்கத்தின் முதல் நிதி) 24 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. வட்டியை முழுவதும் பராமரிப்புக்கு எடுக்கலாம் என்கிறார்கள். துவாலு முறை என்று எழுதியிருந்தீர்களே, அது எங்களுக்குப் பொருந்துமா?
– சங்கச் செயலாளர், கே.கே. நகர்

நன்றாகப் பொருந்தும். துவாலு நிதி 1987-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் கொடுத்ததும் துவாலு தானே போட்டதும் சேர்ந்து சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதில் இரண்டு கணக்குகள். 'ஏ' கணக்கில் இருப்பது முதல் தொகை. ஆண்டுதோறும் ஆஸ்திரேலிய விலைவாசி உயர்ந்த அளவுக்கு முதலின் இலக்கையும் உயர்த்துவார்கள். சந்தை மதிப்பு அந்த இலக்கைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் 'பி' கணக்குக்குப் போகும். அரசு தொடுவது 'பி' கணக்கை மட்டும்தான். முதல் 100, விலைவாசி 3 சதவீதம் என்றால் இலக்கு 103. மதிப்பு 107 ஆனால் 4 கிடைக்கும். 101 ஆனால் ஒன்றும் கிடைக்காது. அப்படிப்பட்ட வறண்ட ஆண்டுகளில், நல்ல ஆண்டில் 'பி'யில் விட்டுவைத்ததை எடுத்துச் சமாளிப்பார்கள்.

இதே கணக்கை உங்கள் 24 லட்சத்துக்குப் போடுங்கள். 7 சதவீத வட்டி 1,68,000 ரூபாய். சங்கத்தின் வங்கி வட்டிக்கு வருமான வரி உண்டு. வரி போக 1,30,000 மிஞ்சுகிறது என்று வைப்போம். விலைவாசி 4 சதவீதம் ஏறினால் முதல் தேயாமல் இருக்க 96,000 ரூபாயை முதல் தொகையோடேயே சேர்க்கவேண்டும். ஆக, செலவுக்கு உரியது 34,000 மட்டும். 1,30,000-ஐயும் எடுத்தால் விதைநெல்லைக் குத்திச் சமைத்த கதைதான். பாஸ்புக்கில் 24 லட்சம் அப்படியே தெரியும், பத்து ஆண்டு கழித்து அதில் லிஃப்ட் மாற்ற முடியாது.

தேய்மானச் செலவை கார்பஸில் ஏற்றவே கூடாது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். உங்கள் ஆர்.ஓ. பிளான்ட்டின் (நீரில் உப்பை நீக்கும் கருவி) மெம்பரேன், அதாவது வடிகட்டும் சவ்வு, 60,000 ரூபாய், 3 ஆண்டு. சாஃப்ட்னரில் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) உள்ள ரெசின் மணிகள் 50,000, 5 ஆண்டு. மோட்டார்கள் ஒரு லட்சம், 10 ஆண்டு என்று கொண்டால் ஆண்டுக்கு 20,000, 10,000, 10,000. மொத்தம் 40,000. வீட்டுக்கு மாதம் 70 ரூபாய்தான் வரும். விலைகளை உங்கள் கொட்டேஷன்படி மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு முறை இதுதான்.

அவசரம் என்றால்கூட முதல் தொகையைத் தொடவே கூடாதா?
– அதே ஊர், இன்னொரு வாசகர்

தொடலாம், ஆனால் எது அவசரம் என்பதை முன்கூட்டியே எண்ணில் எழுதி வைக்கவேண்டும். கரீபியன் தீவு நாடான டிரினிடாட்–டொபாகோவின் 2007 சேமநிதிச் சட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் வருமானம் மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், கூடுதலில் குறைந்தது 60 சதவீதம் நிதிக்குப் போகவேண்டும். 10 சதவீதமாவது குறைந்தால்தான் எடுக்கலாம். அதுவும் குறைந்த தொகையில் 60 சதவீதம் அல்லது நிதியில் 25 சதவீதம், எது சிறியதோ அது. 100 கோடி அமெரிக்க டாலருக்குக் கீழே நிதி இறங்கும்படி எடுக்கக்கூடாது. 2020-இல் கொரோனாவுக்காக விதியைத் தளர்த்தியபோதும், நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான் செய்தார்கள். உங்கள் சங்கத்தில் பொதுக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல், எடுத்ததைத் திருப்பிப் போடக் கெடு, இந்த இரண்டும் துணைவிதியில் இருந்தால் போதும்.

சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரை. மணலில் நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். ஆழமாக போர் போட்டால் உப்பு. தீவுகளிலும் இப்படித்தானா?
– வாசகர், அனுப்பானடி

இப்படியேதான். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனம் கூடிய கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருடையது 1.025. இதிலிருந்து வரும் கணக்கு: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு நீர் 4 மீட்டர் மேலேறும். ஆழ்துளை போட்டு ஓரிடத்தில் உறிஞ்சினால் உப்பு கூம்பு போல எழும்பிக் குழாய்க்குள் வந்துவிடும். ஒருமுறை உப்பேறிய கிணறு தேற, நல்ல மழை பல பருவம் பெய்யவேண்டும்.

கிரிபாட்டியின் தலைநகர்ப் பகுதியான தெற்குத் தாராவாவுக்கு பொன்ரிக்கி என்ற இடத்திலிருந்து தண்ணீர் போகிறது. அங்கே ஆழ்துளை கிடையாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்ட குழாய்களைப் படுக்கைவாக்கில் நீளமாகப் பதித்து, மேலாக இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு ஆழ்துளைக்குப் பதில் நாலைந்து ஆழமில்லாத ஊற்றுக் கிணறுகள், சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பு என்பதே சரி. கழிவறைத் தொட்டி பக்கத்தில் வேண்டாம். மணல் அழுக்கைச் சட்டென்று கீழே விட்டுவிடும்.

மாலத்தீவு கடல்நீரைக் குடிக்கிறது. நாமும் முழுக்க அப்படிச் செய்தால் என்ன?
– வாசகர், திருப்பரங்குன்றம்

ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் செய்ததுதான். சென்னைக்காக மீஞ்சூர், நெம்மேலி இரண்டிலும் ஆலை கட்டினார்கள். செலவு மின்சாரத்தில் இருக்கிறது. கடல்நீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். நீர் சவ்வைத் தாண்டாமல் உப்பு தடுக்கும் அழுத்தமான சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம்). அதை மீறித் தள்ள 55 முதல் 70 பார் வரை பம்ப் ஓடவேண்டும். 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். உள்ளே போகும் நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகும். மீதி இரட்டை உப்போடு கடலுக்குத் திரும்பும். ஒரே ஆலையை நம்புவது வேறு ஆபத்து. 2014 டிசம்பரில் மாலே நகரின் ஆலையில் தீப்பிடித்து ஊரே தண்ணீரின்றி நின்றபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. மதுரைக்கு வைகையும் முல்லைப் பெரியாறும் இருக்கும்போது கடலைத் தேடுவது வீண்.

மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் சுற்றுகிறோம். சில நாள் தெளிகிறது, சில நாள் தெளியவே இல்லை. ஏன்?
– குடும்பத் தலைவி, சோழவந்தான்

களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னேற்றம் உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால் எத்தனை நாள் வைத்தாலும் அடியில் தங்காது. படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னேற்றத்தைத் தணித்து, பஞ்சு போன்ற திரளையாக்கி இறக்குகிறது. கட்டியைச் சுற்றும்போது எவ்வளவு கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் சிக்கல் அங்கேதான். குறைந்தால் திரள் உருவாகாது. அதிகமானால் துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று மறுபடி பிரிந்து மிதக்கும், தண்ணீர் துவர்க்கும்.

10 கிராம் படிகாரத்தைப் பொடித்து 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து வையுங்கள். இதில் 1 மில்லிக்கு 10 மி.கி. படிகாரம். மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். ஆறு ஒரு லிட்டர் பாட்டிலில் கலங்கல் நீரை எடுத்து 1, 2, 3, 4, 5, 6 மில்லி என்று விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். பிறகு பத்து நிமிடம் மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிந்தவற்றில் எதில் மிகக் குறைவாக விட்டீர்களோ அதுவே அன்றைய அளவு. மூன்றாவது பாட்டில் என்றால் 15 லிட்டர் குடத்துக்கு 45 மில்லி. வெள்ளம் மாறும் நாளெல்லாம் அளவும் மாறும். பெரிய சுத்திகரிப்பு நிலையங்களிலும் தினமும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள்.

பலரும் தவறுவது மெதுவாகக் கலக்கும் கட்டத்தில். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் உருவான திரள் உடைந்துவிடும். கலக்காமல் விட்டால் சேராது. மழைநீர் போல மென்மையான தண்ணீரில் காரத்தன்மை குறைவு, 1 மி.கி. படிகாரம் சுமார் அரை மி.கி. காரத்தன்மையைத் தின்றுவிடும். அப்போது திரளவில்லை என்றால் ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தெளிவு விடுங்கள்.

தேற்றாங்கொட்டையைப் பானைச் சுவரில் உரைப்பது வெறும் நம்பிக்கையல்ல. அந்த விதையிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் துகள்களைக் கட்டி இழுக்கின்றன. ஆனால் படிகாரமோ தேற்றாங்கொட்டையோ கிருமிக்கு மருந்தாகாது. வடித்த பிறகு தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள்.

மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். பிளீச்சிங் பவுடர் போட்டும் கடைசித் தெருவில் சோதித்தால் குளோரின் இல்லை என்று வருகிறது. என்ன செய்வது?
– ஊராட்சி டேங்க் ஆபரேட்டர், உசிலம்பட்டி பக்கம்

முதலில் அளவு. புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். நம் வெயிலில் இறங்கிவிடும். 25 சதவீதம் என்றே கணக்கிடுங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மி.கி. உங்கள் தொட்டிக்கு 120 கிராம். கைப்பிடி கணக்கு வேண்டாம். தராசில் நிறுத்துப் பொட்டலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பவுடரை நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, 15 நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல் தெளிவை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்றுங்கள். விழும் நீரே கலக்கிவிடும். சுண்ணாம்புச் சேறு தொட்டிக்குள் போனால் அடியில் படிந்து வால்வை அடைக்கும். ஊற்றியபின் அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் முதல் தெருவுக்கு நெடியும் கடைசித் தெருவுக்குக் கிருமியும் போகும்.

இப்போது கடைசிக் குழாயில் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மி.கி. மிச்சக் குளோரின் அங்கே இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இல்லையென்றால் 180 கிராமாக ஏற்றுங்கள். அதிலும் வரவில்லை என்றால் மேலும் மேலும் பவுடர் கொட்டுவது மருந்தல்ல. குளோரினை வழியில் எதுவோ தின்கிறது. தொட்டி அடியில் சேறு, குழாய்க்குள் வழவழப்புப் படலம், போர் தண்ணீரில் இரும்பு, எங்காவது சாக்கடை கசிந்து கலந்த அம்மோனியா, இவைதான் வழக்கமான காரணங்கள். தொட்டியிலிருந்து தெருத்தெருவாகச் சோதித்துக்கொண்டே போங்கள். எந்த இரண்டு குழாய்களுக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ, அங்கே தோண்டினால் உடைப்பு அகப்படும். சாக்கடைக்குள் ஓடும் வீட்டு இணைப்புகளை முதலில் பாருங்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் வெறுமையாகி, ஓட்டை வழியே சாக்கடையை உள்ளே இழுக்கும்.

பி.ஹெச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவையும் கேட்டு வாங்குங்கள். 7.5-இல் குளோரினில் பாதி, கிருமியைக் கொல்லும் வீரியமுள்ள வடிவத்தில் இருக்கும். 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். அப்படிப்பட்ட நீருக்கு அரை மணி போதாது. ஒரு மணி நேரம் விடுங்கள். ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்தில் சோதிப்பவர்கள் மஞ்சள் நிறத்தை உடனே பார்த்துவிடவேண்டும். நின்று பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். அந்தச் சொட்டு விஷம். சோதித்த நீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

சாஃப்ட்னர் போட்டும் டி.டி.எஸ். குறையவில்லை. கம்பெனிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், ஆனையூர்

இல்லை. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. டி.டி.எஸ். காட்டுவது நீரில் கரைந்துள்ள மொத்த உப்பை, அது குறையாது. உங்கள் போர் நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மி.கி. என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மென்மையாக்கிய ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 275 மி.கி. சோடியம் கூடியிருக்கும். குளிக்க, துவைக்க நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கவேண்டாம்.

25 லிட்டர் ரெசின் சுமார் 1,250 கிராம் கடினத்தன்மையைத் தாங்கும். 600-க்கு அது ஏறக்குறைய 2,000 லிட்டர். நாளைக்கு 600 லிட்டர் செலவென்றால் ரெசினைப் புதுப்பிக்க மூன்று நாளுக்கு ஒருமுறை உப்பு விடவேண்டும். வாரம் ஒருமுறை என்பது போதாது. ஒரு தடவைக்குச் சுமார் 4 கிலோ உப்பு, 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் மெதுவாக இறங்கும்படி விடுங்கள். வேகமாக விட்டால் உப்பு வீண், ரெசின் அப்படியே இருக்கும். ரெசின் செம்பழுப்பாக மாறினால் இரும்பு படிந்திருக்கிறது. கழுவிய உப்புநீரைத் தென்னம்பாத்தியில் விடாதீர்கள்.

வீட்டுக்கு ஆர்.ஓ. அவசியமா?
– பலர்

டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கி, மாநகராட்சிக் குழாய், போர், சம்ப் மூன்றையும் தனித்தனியே அளந்து பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால், ஃபுளோரைடு, நைட்ரேட் சோதனையும் சரியாக வந்தால், ஆர்.ஓ. வேண்டாம், புற ஊதா விளக்குள்ள கருவியோ கொதிக்கவைப்பதோ போதும். ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் பேனா காட்டாது, ஆய்வகத்தில்தான் தெரியும். நல்ல ஆற்றுத் தண்ணீரை சம்ப்பில் போர் நீரோடு கலந்துவிட்டு, பிறகு அதைப் பிரிக்க ஆர்.ஓ. வாங்கும் வீடுகள் நிறைய. குடிக்கும் தண்ணீருக்குத் தனிச் சின்னத் தொட்டி வைத்தால் அந்தச் செலவே இல்லை. ஆர்.ஓ. இருந்தால் கார்பன் கேட்ரிஜைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். அது செத்தால் குளோரின் நேரே மெம்பரேனை அரிக்கும்.

பிளீச்சிங் பவுடரை ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்கலாமா?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், வாடிப்பட்டி

வேண்டாம். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். மூட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள். கட்டிதட்டி ஈரமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தரையில் வைக்காமல் பலகைமேல், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், வெயில் படாத அறையில் வையுங்கள். மோட்டார் பேனல் இருக்கும் அறையில் வைத்தால் அந்த ஆவியில் ஸ்டார்ட்டர் துரு ஏறும். ஆசிட், உரம், டீசல் மூன்றும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.